கோலாலம்பூர் வெயிலில் கெக்கோ வளர்ப்பு: தொட்டிக்குள் எத்தனை பாகை இருக்கலாம்?

வணக்கம், சகோதரி. மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் உங்கள் நிலைமையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். செதாப்பாக்கில் மேற்குப் பார்த்த அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறீர்கள். மகனுக்காக ஒரு லெப்பர்ட் கெக்கோவும் (வீட்டில் வளர்க்கும் ஒரு பல்லி இனம்) 60 சென்டிமீட்டர் நீளமுள்ள கண்ணாடித் தொட்டியும் வாங்கியிருக்கிறீர்கள். கடைக்காரர் கூடவே, தொட்டிக்கு அடியில் வைத்துச் சூடேற்றும் ஒரு ஹீட் மேட்டையும் 75 வாட் வெப்ப விளக்கையும் கொடுத்திருக்கிறார். வெளிநாட்டுக் குறிப்புகள் தொட்டியின் சூடான பக்கம் 32 பாகை, குளிர்ந்த பக்கம் 24 பாகை என்று சொல்கின்றன. உங்கள் அறையோ பிற்பகலில் 31 பாகையைத் தாண்டுகிறது, இரவில் ஏர்கோன் 20 பாகையில் ஓடுகிறது. இந்த நிலையில் மேட்டும் விளக்கும் தேவைதானா, அடுத்து மகன் ஆசைப்படும் கிரெஸ்டட் கெக்கோவையும் இதே அறையில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கீழே தரும் எண்கள் எல்லாம் செல்சியஸ் பாகையில் உள்ளவை. அமெரிக்கக் குறிப்புகளில் 90 என்று இருந்தால் அது ஃபாரன்ஹீட் கணக்கு. நம் கணக்கில் ஏறத்தாழ 32.

விளக்கு வேண்டாம். மேட் இருக்கட்டும், ஆனால் வெப்பத்தைப் பார்த்து மேட்டை இயக்கி அணைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அதை ஒரு நாள்கூட மின்சாரத்தில் இணைக்காதீர்கள். உங்கள் வீட்டில் அதற்குப் பெரும்பாலும் இரவில்தான் வேலை இருக்கும். கிரெஸ்டட் கெக்கோ உங்கள் அறைக்கு ஏற்ற உயிரினம் அல்ல. இந்த மூன்று முடிவுகளுக்கும் அடிப்படை ஒன்றே: ஊசிக்குளிர் உள்ள நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகள் சூட்டை எப்படி உண்டாக்குவது என்று கவலைப்படுகின்றன, கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வாழும் நாமோ தொட்டியில் குளிர்ந்த மூலை ஒன்றை நாள் முழுவதும் எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும்.

“சுவரில் ஓடும் பல்லிக்கு யாராவது மேட் வாங்கிக் கொடுக்கிறார்களா?” என்று உங்கள் மாமனார் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான், பதிலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பல்லி தன் உடலுக்குள் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ள முடியாத உயிரினம். வெளியில் உள்ள சூட்டையும் குளிர்ச்சியையும் தேடிப் போய்த்தான் தன் உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்கிறது. வீட்டுப் பல்லி உச்சி வெயில் நேரத்தில் சாமி படத்துக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். அந்தி சாய்ந்ததும் விளக்கடிக்கு வரும். மழை பெய்து குளிர்ந்த இரவில் குளிர்பதனப் பெட்டியின் பின்புறத்தில், இயந்திரச் சூடு படும் இடத்தில் தங்கும். அதற்கு ஒரு முழு வீடும் அதன் பல்வேறு வெப்பநிலைகளும் கிடைக்கின்றன. உங்கள் மகனின் கெக்கோவுக்குக் கிடைப்பது 60 சென்டிமீட்டர். அந்த 60 சென்டிமீட்டருக்குள் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால்தான் அதற்குத் தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்கும். தொட்டி முழுவதும் ஒரே 32 பாகையாக இருந்தால், எண் சரியாகத் தோன்றினாலும் அந்த உயிரினம் ஒதுங்க இடமில்லாமல் அகப்பட்டுக்கொண்டது என்றே பொருள்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லெப்பர்ட் கெக்கோ வறண்ட நிலத்து உயிரினம், எனவே எவ்வளவு சூட்டையும் தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். 1854இல் எட்வர்ட் பிளைத் அறிவியல் உலகுக்கு விவரித்த இந்த இனம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் பாறை நிலங்களில் வாழ்கிறது. அங்கே கோடையில் நிழலிலேயே 45 பாகையைத் தொடும் நாள்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் கெக்கோ வெளியில் இருப்பதில்லை. மண்ணுக்குள்ளும் பாறை இடுக்குகளிலும் ஆழமாகப் பதுங்கியிருந்து, பொழுது சாய்ந்த பிறகு வெளியே வந்து, வெயிலை உள்வாங்கி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் கல்லின்மேல் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுக்கிறது. அது கோடையைத் தாங்கவில்லை, கோடைக்குத் தப்புகிறது. கண்ணாடித் தொட்டியில் தப்பிக்க வழியில்லாதபோது அதன் பூர்வீக நிலம் எவ்வளவு சூடானது என்ற தகவலால் அதற்கு ஒரு பயனும் இல்லை.

இனி எண்கள். வளர்ந்த லெப்பர்ட் கெக்கோவுக்குச் சூடான பக்கத்து மறைவிடத்தின் தரை 31 முதல் 33 பாகை வரை இருக்க வேண்டும். அந்தச் சூடு வயிற்றில் படும்போதுதான் தின்ற பூச்சி செரிக்கும். கல் ஒன்றைச் சூடேற்றி வைப்பவர்கள் அதன் மேற்பரப்பை 35 பாகை வரை விடலாம். அதற்கு மேல் தேவையில்லை. குளிர்ந்த பக்கத்து மறைவிடம் 24 முதல் 27 பாகை வரை இருப்பது நல்லது. நம் வீடுகளில் அது 28 ஆனாலும் நான் கவலைப்படுவதில்லை. பிற்பகலில் சில மணி நேரம் 29, 30 என்று ஏறி இறங்குவதை நல்ல உடல்நிலையில் உள்ள கெக்கோ பொறுத்துக்கொள்ளும். குளிர்ந்த பக்கமே நாள்தோறும் இரவு பகலாக 30க்கு மேல் நின்றால் அது இரையைக் குறைத்துக்கொள்ளும், அமைதியிழந்து கண்ணாடியைச் சுரண்டும், வாலில் சேர்த்துவைத்த கொழுப்பு மெல்ல வற்றும். இரு பக்கமும் 34ஐத் தாண்டிவிட்டால் அதை அவசர நிலையாகவே கருத வேண்டும். உடல் வெப்பம் 40ஐ நெருங்குவது உயிருக்கு ஆபத்து. இரவில் தொட்டி 20 முதல் 24 பாகைக்கு இறங்குவது இயல்பானது, நன்மையும்கூட. நோயுற்றதும் குஞ்சும் தவிர மற்றவை 18 வரை இறங்கும் இரவையும் சமாளிக்கும், ஆனால் பகலில் தேவையான சூடு கிடைத்தாக வேண்டும்.

இப்போது மேட்டுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் மையம் இதுதான். ஹீட் மேட் என்பது தொட்டியை 32 பாகையில் வைத்திருக்கும் கருவி என்று பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அதற்கு எந்த வெப்பநிலையும் தெரியாது. இருக்கும் சூட்டோடு தன் பங்கைக் கூட்டுவது மட்டுமே அதன் வேலை. தன்மேல் உள்ள கண்ணாடியை அறை வெப்பத்தைவிட 12 பாகை உயர்த்தக்கூடிய ஒரு மேட்டை எடுத்துக்கொள்வோம். 20 பாகையில் உள்ள ஓர் ஆங்கிலேயரின் வரவேற்பறையில் அது 32ஐத் தரும், அவரும் அருமையான மேட் என்று எழுதுவார். அதே மேட் உங்கள் அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு 43ஐத் தரும். மேட்டில் குறை எதுவும் இல்லை, அறைதான் வேறு. வெளிநாட்டில் ‘தெர்மோஸ்டாட் இருந்தால் நல்லது’ என்று எழுதப்படுவது, நம் ஊரில் ‘தெர்மோஸ்டாட் இல்லாமல் கூடவே கூடாது’ என்று மாறுவதற்கு இந்தக் கூட்டல் கணக்குத்தான் காரணம்.

இதே கணக்கில் இன்னோர் உண்மையும் அடங்கியிருக்கிறது. கூட்ட முடியுமே தவிர எந்த மேட்டாலும் விளக்காலும் தெர்மோஸ்டாட்டாலும் கழிக்க முடியாது. தொட்டியின் குளிர்ந்த முனை ஒருபோதும் அறையைவிடக் குளிர்ச்சியாக இராது. அறை 31 என்றால் குளிர்ந்த முனையும் குறைந்தது 31தான். ஆகவே பிற்பகலில் உங்கள் தெர்மோஸ்டாட் மேட்டை முழுவதுமாக அணைத்துவைப்பதே சரி. அது பழுதாகிவிட்டதோ என்று எண்ணி வெப்ப அளவை உயர்த்திவிடாதீர்கள். 75 வாட் விளக்கை இந்தத் தொட்டியின் மேல் வைத்தால் சிறிது நேரத்திலேயே உள்ளே உள்ள காற்று முழுவதும் சூடாகி, குளிர்ந்த பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போகும். தொட்டி சிறியதாக இருக்க இருக்க இந்தச் சிக்கல் கூடும். 90 சென்டிமீட்டர் நீளமுள்ள தொட்டியை இப்போது பலர் வலியுறுத்துவது கெக்கோ நடமாடுவதற்காக மட்டுமல்ல. இரு முனைகளுக்கும் இடையே வெப்ப வேறுபாடு நிற்பதற்கும் அந்த நீளம் தேவைப்படுகிறது. வசதிப்படும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கழித்தல் வேலையை அறைதான் செய்ய வேண்டும். கோலாலம்பூரில் பகலின் உச்ச வெப்பம் வழக்கமாக 32 முதல் 34 பாகை, விடியற்காலையில் 24 அல்லது 25. பினாங்குத் தீவில் கடற்காற்றின் தயவால் உச்சம் சற்றுக் குறையலாம், இரவு பெரிதாக மாறுவதில்லை. இவை வெளியில், நிழலில் அளக்கப்படும் எண்கள். வீட்டுக்குள் நடப்பது வீட்டைப் பொறுத்தது. ஆயர் ஈத்தாமில் எனக்குத் தெரிந்த ஒரு மாடி வீட்டில், கீழ்க்கூடத்துத் தரையோரம் பிற்பகலில் 28ஐக் காட்டும் அதே நேரத்தில், மேல்மாடி அறையின் அலமாரி உச்சியில் 34 இருந்ததைக் கண்டிருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்கும் கூரை தான் பகலில் வாங்கிய சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருந்தது. அங்கே தொட்டியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியதைத் தவிர வேறு வைத்தியம் எதுவும் தேவைப்படவில்லை.

உங்களுடையது மேற்குப் பார்த்த வீடு என்பதால் மூன்று மணிக்குமேல் சன்னல் வழியாக வெயில் நேரே உள்ளே விழும். அந்த வெயில் தொட்டியின்மேல் கால் மணி நேரம் பட்டாலே உள்ளே 40ஐத் தாண்டிவிடலாம், ஏனெனில் கண்ணாடி ஒளியை உள்ளே விட்டுவிட்டு அது சூடாக மாறியபின் வெளியே விடுவதில்லை. வீட்டிலேயே உள்ளடங்கிய, வெயில் நுழையாத சுவரைத் தேர்ந்தெடுங்கள்; உயரமான அலமாரி வேண்டாம், தரையிலிருந்து ஓர் அடி உயரமுள்ள குட்டையான பலகை போதும். அனைவரும் காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட, எல்லாச் சன்னல்களும் அடைக்கப்பட்ட வீடுதான் மிக மோசமானது. குறைந்தபட்சம் திரையை இழுத்துவிட்டு, எதிரெதிராக இரண்டு சன்னல்களைச் சிறிது திறந்துவையுங்கள். கடும் வெயில் காலத்தில் ஏர்கோனை நேரக் கட்டுப்பாட்டில் பிற்பகல் ஒன்று முதல் ஐந்து வரை 27 பாகையில் ஓடவிடலாம்.

மின்விசிறியை நம்புகிறவர்கள் ஏராளம். காற்று நமக்குக் குளிர்ச்சி தருவது வியர்வையை உலர்த்துவதால். கெக்கோவுக்கு வியர்வை கிடையாது. 33 பாகைக் காற்றை எவ்வளவு வேகமாக வீசினாலும் அது 33 பாகைதான். தேங்கிய சூட்டை வெளியேற்ற மட்டுமே விசிறி உதவும். வலைமூடியின் ஒரு பாதியில் ஈரத்துணியை விரித்து அதன்மேல் விசிறியை ஓடவிட்டால் ஓரிரு பாகை குறையக்கூடும், ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. தொட்டிக்குள்ளும் ஈரம் கூடிவிடும். உறையவைத்த தண்ணீர் போத்தலைத் துண்டில் சுற்றிக் குளிர்ந்த பக்கத்து வலைமூடியின்மேல் வைப்பது இதைவிடப் பயனுள்ளது, ஏனெனில் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். போத்தலை உள்ளே வைத்தால் கெக்கோ நேரடியாக அதன்மேல் படுத்துவிடும், வழியும் நீரால் தரையும் நனையும். குளிர்ந்த பக்கத்தில் தடித்த தரை ஓடு ஒன்றையோ தட்டையான கல்லையோ போட்டுவைப்பதும் நல்லது: இரவில் குளிர்ந்த கல் காலையில் காற்றைவிட மெதுவாகவே சூடேறும். பதினொரு மணிவாக்கில் பாருங்கள், நான்கு கால்களையும் பரப்பி, வயிறும் தாடையும் ஓட்டில் படும்படி கெக்கோ தட்டையாகக் கிடக்கும்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை, தொடர்ந்து மூன்று நாள்கள் உச்ச வெப்பம் 35 முதல் 37 பாகை வரை இருக்கும் வட்டாரங்களுக்கு முதல் நிலை எச்சரிக்கையும், 37க்கு மேல் 40 வரை என்றால் இரண்டாம் நிலையும், 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலையும் அறிவிக்கிறது. முதல் நிலை அறிவிக்கப்பட்டாலே மேட்டைப் பகலில் முழுவதுமாக அணைத்துவிட்டுப் போத்தல்களை உறையவைக்கத் தொடங்குங்கள். பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 பாகை பதிவானதை நினைவில் கொண்டால், நம் நாட்டில் அப்படியெல்லாம் சூடு ஏறாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரவு நிலைமை இதற்கு நேர்மாறானது, அங்கேதான் உங்கள் மேட் வேலைக்கு வருகிறது. கெக்கோ அந்திப் பொழுதில் இரை தின்கிறது. நீங்கள் எட்டு மணிக்குப் பூச்சி கொடுத்து, பத்து மணிக்கு ஏர்கோனை 20இல் போட்டால், செரிக்க வேண்டிய நேரத்தில் அதற்கு வெளிச்சூடு இல்லாமல் போகிறது. இரைப்பை நிறைந்த நிலையில் நீண்ட நேரம் குளிரில் கிடக்கும் கெக்கோ இரையைக் கக்கிவிடும், அல்லது அது குடலில் தேங்கி நின்றுவிடும். ஆகவே ஏர்கோன் ஓடும் இரவுகளில் சூடான மறைவிடம் 30 பாகையிலாவது இருக்கும்படி தெர்மோஸ்டாட்டை அமையுங்கள். தொட்டியின் மற்றப் பகுதி 21க்கு இறங்கினால் இறங்கட்டும், எந்தப் பக்கம் வேண்டும் என்பதைக் கெக்கோ முடிவு செய்துகொள்ளும். ஏர்கோன் காற்று நேராகத் தொட்டியின்மேல் வீசும்படி மட்டும் வைக்காதீர்கள். ஏர்கோன் இல்லாத வீடுகளில் நம் இரவு 25, 26 பாகையிலேயே நிற்பதால் பலருக்கு இரவு மேட் தேவைப்படுவதே இல்லை.

ஏர்கோன் அறைக்கு ஒரு நன்மையும் உண்டு. வறண்ட நிலத்து லெப்பர்ட் கெக்கோவுக்கு நம் ஊரின் 80 விழுக்காட்டு ஈரப்பதம் மிகையானது. சூடு இல்லாத ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் மூச்சுக்குழாய் நோய்கள் எளிதில் வரும். ஏர்கோன் அந்த ஈரத்தைக் குறைக்கிறது. அதே காரணத்தால் தோலுரிப்பு நேரத்தில் விரல் நுனிகளில் பழைய தோல் ஒட்டிக்கொண்டு நிற்கலாம். ஈரப்படுத்திய சமையலறைத் தாளைப் போட்ட ஒரு சிறு மூடிய டப்பாவை, நுழையத் துளையிட்டு, தொட்டியின் நடுவில் வைத்தால் அது போதும்.

தெர்மோஸ்டாட் வாங்கியவுடன் நிம்மதியடைந்துவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அந்தக் கருவி தன் கம்பியின் நுனியில் உள்ள உணரியைத்தான் நம்புகிறது, தொட்டியை அல்ல. உணரியை மேட்டுக்கு நேர்மேலே, மறைவிடத்துக்குள், கண்ணாடித் தரையை ஒட்டி வைக்க வேண்டும். மணலோ மண்ணோ பரப்பியிருந்தால் அதற்கு அடியில், ஏனென்றால் கெக்கோ தோண்டிக்கொண்டு போய்க் கண்ணாடியின்மேல் நேரடியாகப் படுக்கும் பழக்கமுள்ளது. மேலே உள்ள மண் 32 காட்டும்போது அடியிலுள்ள கண்ணாடி 40ஐக் கடந்திருக்கலாம், வயிற்றில் தீக்காயம் ஏற்படுவது அப்படித்தான். தோண்டும் கெக்கோ உணரியையும் தள்ளிவிடும். அது மறைவிடத்திலிருந்து நழுவிக் குளிர்ந்த பக்கம் போய்விட்டால், அல்லது யாரோ சுத்தம் செய்தபின் அதைத் தொட்டிக்கு வெளியே ஏர்கோன் காற்றில் தொங்கவிட்டுவிட்டால், தெர்மோஸ்டாட் 20 பாகை என்று கண்டு இரவு முழுவதும் மேட்டை முழு வேகத்தில் எரியவிடும். எனவே உணரியைக் கட்டாயம் அசையாமல் பொருத்துங்கள். ஒட்டும் நாடாவை மட்டும் தொட்டிக்குள் கொண்டுபோகாதீர்கள். அதில் ஒட்டிக்கொண்ட கெக்கோவைப் பிரித்தெடுக்கும்போது தோலும் கூடவே உரிந்துவரும். மீன்தொட்டிகளுக்குப் பயன்படும் சிலிக்கோன் பசையால் ஒட்டி, நன்கு உலர்ந்து வாடை போனபின் கெக்கோவை விடுங்கள்.

மேட் தொட்டித் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. நம் வெப்பத்தில் நான்கில் ஒரு பங்கே போதும். தெர்மோஸ்டாட் ஒருநாள் பழுதாகி இணைப்பு துண்டிக்கப்படாமல் நின்றுவிட்டால் சேதத்தை மட்டுப்படுத்தப்போவது அந்தச் சிறிய அளவுதான். தொட்டிக்கு அடியில் சிறு ரப்பர் கால்களை வைத்துக் காற்று போக இடைவெளி விடுங்கள். பலகைக்கும் கண்ணாடிக்கும் இடையில் அடைபட்ட சூடு கண்ணாடியை விரிசல்விடச் செய்யும். மின்சாதனம் 240 வோல்ட்டுக்கு உரியதா என்றும் பார்த்துவிடுங்கள், இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் 110 வோல்ட்டுக்கு உரியவையும் கலந்திருக்கின்றன.

அளப்பதற்கு, ஒரு நாளின் உச்சத்தையும் தாழ்வையும் நினைவில் வைத்துக்காட்டும் மின்னணு வெப்பமானிகள் இரண்டை வாங்குங்கள். ஒன்றின் உணரி சூடான மறைவிடத்தில், மற்றொன்று குளிர்ந்த மறைவிடத்தில். நீங்கள் வேலையிலிருந்து திரும்பும் ஏழு மணிக்கு 29 காட்டும் தொட்டி, மூன்று மணிக்கு எவ்வளவு காட்டியது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது. கண்ணாடியில் ஒட்டும் வட்டமான முள் வெப்பமானிகள் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும், அதையும் பெரும்பாலும் தவறாகவே சொல்லும். பெருந்தொற்றுக் காலத்தில் கடை வாசல்களில் நெற்றியில் நீட்டிய அந்தத் துப்பாக்கி வடிவக் கருவி மனித உடல் வெப்பத்துக்கென அமைக்கப்பட்டது; இதற்குப் பயன்படாது. தொழில்துறைக்கென விற்கப்படும் அகச்சிவப்பு வெப்பமானி நல்லதுதான், ஆனால் மூடியைத் திறந்து நேராகக் கல்லின்மேல் காட்டி அளக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்று காட்டினால் கண்ணாடியின் வெப்பமே வரும், பளபளப்பான பரப்புகளிலும் எண் பிசகும்.

சூடேறும் செயற்கைக் கற்களை ஒருபோதும் வாங்காதீர்கள், அவை சீராகச் சூடாவதில்லை. இரவில் சிவப்பு விளக்கு கெக்கோவின் கண்ணுக்குத் தெரியாது என்பது விற்பனையாளர் சொல்லும் பழங்கதை. இருட்டு இருட்டாகவே இருக்கட்டும்.

கிரெஸ்டட் கெக்கோவைப் பற்றி நான் சற்றுக் கண்டிப்பாகவே பேசுவேன். நியூ கலிடோனியாத் தீவின் காடுகளைச் சேர்ந்த இந்த இனம் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 1994இல்தான் மீண்டும் கண்டறியப்பட்டது. ‘வெப்ப மண்டலத் தீவு’ என்று படித்தவுடன் நம் காடுகளைப் போல இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். அந்தத் தீவு தென் அரைக்கோளத்தில் கிட்டத்தட்ட மகர ரேகையை ஒட்டி, கடற்காற்றும் குளிர்ந்த பருவமும் உள்ள இடத்தில் இருக்கிறது. இந்தக் கெக்கோவுக்கு ஏற்றது 22 முதல் 26 பாகை. 28க்கு மேல் அது சோர்வடையத் தொடங்கும், 30இல் நீண்ட நேரம் நின்றால் உயிருக்கே ஆபத்து. லெப்பர்ட் கெக்கோவுக்குக் குளிர்ந்த பக்கமாக நாம் போராடிப் பெறும் வெப்பநிலை இதற்கு அதிகபட்ச எல்லை. உங்கள் அறையில் ஒவ்வொரு பிற்பகலும் அந்த எல்லையைத் தாண்டுகிறது.

கோலாலம்பூரில் ஏர்கோன் இல்லாமலே வளர்க்கிறோம், நன்றாகத்தான் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தரைத்தளத்து வீடும் நிழலும் அமைந்தவர்களுக்கு அது கூடிவந்திருக்கும். ஆனால் செத்துப்போகாமல் இருப்பதும் நலமாக இருப்பதும் ஒன்றல்ல, ஒரு வாரக் கடும் வெயில் அந்த வேறுபாட்டைக் காட்டிவிடும். கேமரன் மலையில் வீடு இருந்தாலோ, நாள் முழுவதும் 25 பாகையில் ஏர்கோன் ஓடும் ஓர் அறை இருந்தாலோ தாராளமாக வாங்குங்கள். அவை இல்லாதபோது, இரவில் 20, பகலில் 31 என்று ஏறி இறங்கும் அறையில் அதை வைப்பதை நான் ஏற்க மாட்டேன். அதே தீவின் கார்கோயில் கெக்கோவுக்கும் ஏறத்தாழ இதே விதிதான். மகனுக்கு இரண்டாவதாக ஒன்று வேண்டுமென்றால் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபேட்-டெயில் கெக்கோவைப் பாருங்கள். சூட்டுத் தேவை லெப்பர்ட் கெக்கோவைப் போன்றது, ஈரப்பதத்தைச் சற்றுக் கூடுதலாகவே விரும்பும். தனித் தொட்டியில்தான் வைக்க வேண்டும். நம் மண்ணின் டோக்கேய் கெக்கோவுக்குக் கோலாலம்பூர் அறை வெப்பமே பொருந்தும் என்றாலும் அது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது, 2019 முதல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் இருக்கிறது. எந்த இனமாக இருந்தாலும் உரிமம் பற்றி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக, சூடு மிஞ்சிவிட்டால் எப்படித் தெரியும், என்ன செய்வது என்பது. பகல் நேரத்தில் வெளியே வந்து அமைதியின்றிச் சுற்றுவது, தண்ணீர்க் கிண்ணத்துக்குள் ஏறிப் படுப்பது, வாயைத் திறந்தபடி மூச்சு வாங்குவது, பிறகு கால்கள் தளர்ந்து தொட்டாலும் அசையாமல் கிடப்பது என்ற வரிசையில் அது முற்றும். வாய் திறந்த நிலையிலேயே நீங்கள் செயல்பட்டாக வேண்டும். மேட்டை அணைத்து, காற்றுத் துளையுள்ள டப்பாவில் ஈரத்தாள் விரித்துக் கெக்கோவை எடுத்துவைத்து, 25 பாகை அளவில் உள்ள அறைக்குக் கொண்டுபோங்கள். பாதம் நனையும் அளவுக்கு அறை வெப்பத்திலுள்ள தண்ணீரில் நிற்கவிடலாம். பனிக்கட்டி நீர் வேண்டாம், திடீர்க் குளிர்ச்சி இன்னோர் அதிர்ச்சி. வாய்க்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். அரை மணி நேரத்தில் தலையைத் தூக்கி நடக்கவில்லையென்றால் மருத்துவரிடம் போக வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவரும் ஊர்வன பார்ப்பதில்லை, ஆகவே பார்ப்பவர் யாரென்று இன்றே தொலைபேசியில் விசாரித்து எண்ணைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது.

விடுமுறைக்குப் பினாங்கு போகும்போது கெக்கோவையும் அழைத்துச் செல்ல மகன் அடம்பிடிப்பான் என்று எழுதியிருந்தீர்கள். மகிழுந்தின் பின்பெட்டியில் வைக்காமல், ஏர்கோன் படும் இருக்கைக்கு அடியில் துணி சுற்றிய டப்பாவில் வையுங்கள். முந்தைய இரண்டு நாள் இரை கொடுக்க வேண்டாம். தாப்பா ஓய்விடத்தில் தேநீர் குடிக்க இறங்கினால் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள், வெயிலில் நிறுத்திய வண்டி சன்னலைச் சற்று இறக்கிவைத்திருந்தாலும் அந்தச் சிறு நேரத்துக்குள் 40ஐத் தாண்டிவிடும். நாலைந்து நாள் பயணம் என்றால் அதை வீட்டிலேயே விட்டுச் செல்வது மேல்: வளர்ந்த கெக்கோ தண்ணீர் இருந்தால் அத்தனை நாள் பட்டினியைப் பொருட்படுத்தாது, ஆனால் மேற்குச் சன்னலின் திரை இழுத்துவிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும் தண்ணீர் மாற்றவும் பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.